நூலகர்களுக்கான இணையவழிப் பதிப்புரிமைப் பாடம்: எங்கிருந்து தொடங்குவது?

சுவடிக்காவலர் (வினா):
எங்கள் நூலகப் பணியாளர்களுக்காக, ஆறு வாரங்களில் முடிக்கக்கூடிய இணையவழிப் பதிப்புரிமைப் பாடம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 1886-இல் உருவான, பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் தொடங்கி, பாதுகாப்புக் காலம், விதிவிலக்குகள், உரிமங்கள் என வரிசையாகச் செல்லும் முதல் வரைவைச் சக பணியாளர் இருவரிடம் கொடுத்தேன். இருவருமே இரண்டாம் பாடத்தோடு நிறுத்திவிட்டார்கள். சட்டத்தை முன்வைக்காமல் இதைக் கற்பிக்க வழி உண்டா?

மேசைக்குறிப்பு:
ஐயா, வரலாற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். "இந்த நூல் முழுவதையும் ஸ்கேன் செய்து தருவீர்களா?" என்று வாசகர் கேட்கும் இடத்தில் தொடங்கினால், படைப்புக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கிறதா, உரிமை யாரிடம் இருக்கிறது, நூலகத்துக்கென்று விதிவிலக்கு உண்டா, இல்லையென்றால் யாரிடம் அனுமதி பெறுவது என்ற கேள்விகள் அதிலிருந்தே கிளைக்கும். பெர்ன் உடன்படிக்கை பொதுவாக ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகளைக் குறைந்தபட்சக் காலமாக வைக்கிறது. பல நாடுகள் அதை 70 ஆக நீட்டியிருக்கின்றன. ஆகவே காலக் கணக்கைப் பாடத்தின் உடலில் எழுதாமல், நாட்டுக்கேற்ப மாற்றக்கூடிய தனி அட்டவணையாக வையுங்கள். மூலநூலின் காலம் முடிந்திருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்கு உரிமை தொடரக்கூடும் என்பதை ஒரு பயிற்சியாகவே தரலாம். அனுபவமுள்ளவர்களும் வழுக்கும் இடம் அது.

நெடுவரி:
மேற்சொன்னதில் பாதியை ஏற்கிறேன். நிகழ்வுகளை மட்டும் அடுக்கினால் பணியாளர்கள் விடையை மனப்பாடம் செய்வார்களே தவிர, காரணத்தைப் பிடிக்க மாட்டார்கள். எனவே சரியா தவறா என்று கேட்கும் தேர்வைவிட, முடிவுக்கு வந்த வழியை நான்கு வரிகளில் எழுதச் சொல்வதே பயன்தரும் (திருத்துவதற்கு நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்).

உங்கள் வரைவில் நான் தேடுவது மின்னூல் ஒப்பந்தம். அச்சு நூலை நூலகம் வாங்குகிறது; மின்னூலுக்குப் பெரும்பாலும் பயன்பாட்டு உரிமம் மட்டுமே பெறுகிறது. சட்டம் அனுமதிக்கும் நகலெடுப்பை அந்த ஒப்பந்தத்தின் ஒரு வரி தடுக்கலாம். அப்படித் தடுக்கும் வரி செல்லாது என்று சொல்லும் நாடுகளும் உண்டு. ஆகையால், நூலகம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்றைப் பணியாளர்களே வரிவரியாக வாசிக்க ஒரு முழு வாரத்தை ஒதுக்குங்கள். பார்வைக் குறைபாடுள்ளோருக்கு அணுகத்தக்க வடிவில் நகல் உருவாக்க வழிசெய்யும் 2013-ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கைக்கும் இடம் வேண்டும்.

சுவடிக்காவலர்:
இருவருக்கும் நன்றி. ஒப்பந்த வாசிப்பை இரண்டாம் வாரத்துக்கே கொண்டுவருகிறேன். பாடத்தையே, பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட எண்ணம். அவற்றுள் வழித்தோன்றல்களை, அதாவது மாற்றி அமைத்த வடிவங்களைப் பகிர்வதைத் தடுக்கும் உரிமம் பொருந்துமா?

மேசைக்குறிப்பு:
பொருந்தாது, ஐயா. மொழிபெயர்ப்பும் வழித்தோன்றலாகவே கருதப்படுவதால், வேறு மொழி நூலகர்கள் அதை மொழிபெயர்த்துப் பகிர முடியாமல் போகும். ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறரிடமிருந்து எடுத்த படங்களுக்கு மட்டும் தனிக் குறிப்பு இடுங்கள்.