மாயா நாகரிகம்: 4ஆம் வகுப்புப் பிள்ளைகளை இணையத்தில் தேடவிட்டுப் படிப்பிக்க வழி என்ன?

கரும்பலகை

வணக்கம். 4ஆம் வகுப்பு, 32 பிள்ளைகள், 9 வயது. பழைய நாகரிகங்கள் வரிசையில் அடுத்தது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா. 6 பீரியட் இருக்கிறது, ஒவ்வொன்றும் 40 நிமிடம். கம்ப்யூட்டர் 16, அதாவது இருவருக்கு ஒன்று. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம்தான் என்பதால், மீதியைப் பிள்ளைகளே இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டம்.

சிக்கல் மூன்று. தேடினால் சம்பந்தமில்லாதது வந்து கொட்டுகிறது. கிடைத்ததையும் அப்படியே காப்பி அடித்து ஒட்டிவிடுகிறார்கள். ஆங்கிலப் பக்கத்தைத் தானியங்கியாகத் தமிழாக்கிப் படித்தால் பல இடங்களில் ஒன்றும் புரியவில்லை. எதை எப்படி மாற்றலாம்?

ஏட்டுச்சுவடி

முதலில் ஒன்று: "மாயா பற்றித் தேடுங்கள்" என்று சொல்லித் தேடுபொறியைத் திறந்துவிடாதீர்கள். தமிழில் "மாயா" என்று அடித்தால் சினிமா வரும், நடிகை வருவார், முப்பரிமாணப் படம் வரையும் மென்பொருள் வரும், வேதாந்த மாயையும் வரும். "மாயன்" என்று அடித்தாலோ மாமுனி மயன் வந்து நிற்பார். 9 வயதுப் பிள்ளைக்கு இதில் எதைத் தள்ளுவது என்று தெரியாது.

இரண்டு மாற்றங்கள் போதும். ஒன்று, நாகரிகத்தின் பெயரை விட்டு ஊரின் பெயரைத் தேடச் சொல்லுங்கள்: திக்கால், பலேங்கே, கோபான், சிச்சென் இட்ஸா, போனம்பாக். ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் அதில்தான் போகும். இரண்டு, முதல் இரண்டு பீரியடுக்கு நீங்களே பார்த்துத் தேர்ந்த பக்கங்கள் மட்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு பக்கம் தாராளம். சொந்தமாகத் தேடுவதை 4ஆம் பீரியடுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எது சரி என்று மதிப்பிடக் கொஞ்சம் விஷயம் கையில் இருக்கும்.

கேள்விதான் உயிர். "மாயர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டால் ஒரு பத்தி அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். குவாத்தமாலாவில் ரியோ அசுல் என்ற இடத்துக் கல்லறையில் 1984ல் ஒரு மண்குடுவை கிடைத்தது. கைப்பிடி வைத்த மூடி, திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே எழுத்து தீட்டியிருக்கிறது. "இந்தக் குடுவைக்குள் என்ன இருந்தது? அது நமக்கு எப்படித் தெரியும்?" பதில் கக்காவ், அதாவது கொக்கோ பானம். வெளியே அந்தச் சொல்லே எழுதியிருக்கிறது, உள்ளே ஒட்டியிருந்த கசடைச் சோதித்ததிலும் கொக்கோ உறுதியானது. "எப்படித் தெரியும்" என்ற இரண்டாம் பாதி இருக்கிறதே, அதைக் காப்பி அடிக்க முடியாது.

16 ஜோடிக்கு 8 கேள்வி போதும். ஒரே கேள்வியை இரண்டு ஜோடிக்கு வேறு வேறு பக்கங்களோடு கொடுங்கள், பிறகு ஒப்பிடட்டும். குடுவை ஒன்று. சிச்சென் இட்ஸாவின் எல் கஸ்தியோ பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கம், உச்சியில் ஒன்று: மொத்தம் எத்தனை, அந்த எண் எதைச் சொல்கிறது? ஆறே இல்லாத திக்கால் நகரத்தில் அத்தனை பேர் எப்படித் தண்ணீர் குடித்தார்கள்? (மழைநீரைப் பெரிய தேக்கங்களில் பிடித்து வைத்தார்கள்.) பலேங்கே அரசர் பக்கால் 615 முதல் 683 வரை ஆண்டவர், அவர் முகத்தில் இருந்த பச்சை முகமூடி எந்தக் கல்? போனம்பாக் சுவரோவியத்தில் வாசிப்பவர்கள் கையில் என்னென்ன வாத்தியம்? மிச்சம் மூன்றுக்கு டிரெஸ்டன் ஏடு (ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கும் பழைய மாயா கையெழுத்து நூல்), பந்தாட்டக் களம், இன்றைய மாயா மக்கள்.

ஒட்டுவதைத் தடுக்க: 10 நிமிடம் படிப்பு, பிறகு திரையை அணைத்துவிட்டு நினைவிலிருந்து மூன்று செய்தி. அட்டை ஏ4 தாளில் கால் பங்கு, ஒரு செய்திக்கு ஆறு சொல்லுக்கு மேல் கூடாது. அதன் பிறகு திரையைத் திறந்து எண்ணையும் பெயரையும் மட்டும் சரிபார்க்கலாம். அட்டையின் பின்புறம் தளத்தின் பெயர், எழுதியவர் யார், பார்த்த தேதி. "கூகுள்" என்று எழுதினால் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். கூகுள் வழி காட்டியதே தவிர அந்தப் பக்கத்தை எழுதவில்லை.

வெண்சிப்பி

மொழிபெயர்ப்பு விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் பிள்ளைகள் நிஜமாகவே தப்பாகக் கற்றுக்கொள்கிறார்கள். எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரச்சினை இல்லை.

"கார்ன்" வெறும் "சோளம்" என்று வரும். மாயர்கள் பயிரிட்டது மக்காச்சோளம். சோளம் ஆப்பிரிக்காவில் தோன்றிய வேறு தானியம், அன்றைய அமெரிக்காவில் அது கிடையவே கிடையாது.

"லைம்" இதைவிட மோசம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைப்பார்கள். தோல் கழன்று, மாவு பிசைய வரும், நயாசின் சத்தும் உடம்பில் சேரும். தானியங்கி "லைம்" என்பதை எலுமிச்சை என்று எழுதிவிட்டால் பிள்ளை "மாயர்கள் சோளத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தார்கள்" என்று எழுதும். அது பிள்ளையின் தப்பில்லை. "ஸ்குவாஷ்" என்றால் பூசணி வகை, குடிக்கிற பானமோ விளையாட்டோ இல்லை. "பால் கோர்ட்" சில நேரம் "பந்து நீதிமன்றம்" ஆகிவிடும்!

இந்த நாலையும், கல்வெட்டுத் தூண், ஏடு, எரிமலைக் கண்ணாடி மாதிரி இன்னும் ஆறேழு சொல்லையும் ஒரு தாளில் எழுதி எல்லா ஜோடிக்கும் கொடுங்கள். எங்காவது வாக்கியம் பொருந்தவில்லை என்றால் முதலில் அந்தத் தாளைப் பார்க்கணும்.

அடுத்து, படங்கள். "மாயா நாட்காட்டி" என்று படம் தேடினால் வட்டமான பெரிய கல் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது மாயா இல்லை. மெக்சிகோ நகரில் 1790ல் தோண்டி எடுத்த, அஸ்டெக் என்ற வேறு மக்களின் சூரியக் கல், விட்டம் சுமார் 3.6 மீட்டர். திக்காலிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 1000 கி.மீ. தள்ளி. காலமும் வேறு: திக்காலின் கடைசித் தேதி பொறித்த தூண் 869ஆம் ஆண்டு, அஸ்டெக்கின் தலைநகர் தெனோச்தித்லான் எழுந்தது 1325 வாக்கில். பிள்ளைகளுக்கு ஒரு அடையாளம் போதும்: நடுவில் நாக்கை நீட்டிய முகம் இருந்தால் அது அஸ்டெக். மாயா தேதி என்றால் தூணில் மேலிருந்து கீழாகச் சதுரம் சதுரமான எழுத்து, பக்கத்தில் புள்ளியும் கோடும்.

பக்காலின் கல் சவப்பெட்டி மூடியை "ராக்கெட் ஓட்டுகிறார்" என்று காட்டும் பக்கங்கள், 2012 உலக முடிவு, மயனும் மாயனும் ஒரே ஆள் என்று நிறுவும் தமிழ்ப் பக்கங்கள், இவையும் வரத்தான் செய்யும். கடைசி வகையை ஒதுக்கிவிடாமல் ஒன்றைத் திரையில் போட்டுக் காட்டுவது நல்லது என்பேன். பெயர் ஒலிப்பில் ஒத்திருப்பதைத் தவிர அங்கே ஆதாரம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் கேள்விப்படப்போவது அதைத்தான்.

2012க்கு விடை எளிது. மாயர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணிய "நீண்ட எண்ணிக்கை" நாட்காட்டியில் ஒரு பெரிய சுற்று 2012 டிசம்பர் 21ல் முடிந்தது, மறுநாள் எண்ணிக்கை தொடர்ந்தது. வண்டியின் கிலோமீட்டர் மீட்டரில் 99999 தாண்டினால் வண்டி வெடிக்கிறதா என்ன?

இருபதடி

எண்ணும் எழுத்தும் யாரும் தொடவில்லை, அதனால் நான். 3ஆம் பீரியடை முழுக்கத் திரையில்லாமல் இதற்கு வைத்துவிடுங்க.

புள்ளி 1, கோடு 5, சிப்பி 0. நாம பத்து பத்தாகப் போகிறோம், அவங்க இருபது இருபதாக, கீழிருந்து மேலே. ஒரு ஜோடிக்கு 8 விதை, 6 குச்சி, 2 சிப்பி கொடுங்க. இரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்று. இதை வைத்து 399 வரை எல்லா எண்ணும் வரும்.

33 என்றால் மேல் கட்டத்தில் ஒரு விதை (20), கீழ்க் கட்டத்தில் இரண்டு குச்சி, மூன்று விதை (13). 20க்கு மேலே ஒரு விதை, கீழே சிப்பி. 365 கேளுங்க: மேலே மூன்று குச்சி மூன்று விதை, அதாவது 18 இருபது, கீழே ஒரு குச்சி. 18 மாதம், மாதத்துக்கு 20 நாள், மிச்சம் 5 நாள் என்கிற ஹாப் ஆண்டும் அப்படியே கையில் கிடைத்துவிடும்.

தப்பு வருவது மூன்று இடத்தில். 20ஐ நாலு குச்சியாகக் கீழேயே வைப்பார்கள். ஐந்து விதை சேர்ந்த பிறகும் குச்சியாக மாற்ற மாட்டார்கள். இரண்டு கட்டத்துக்கும் நடுவே கோடு தடிமனாக இல்லையென்றால் மேலே கீழே கலந்துவிடும். மூன்றாம் கட்டத்துக்குப் போகாதீங்க. சாதாரணக் கணக்கில் அது 400, நாட்காட்டியில் 360. இந்த வயசில் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்த பீரியடில் டிரெஸ்டன் ஏட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தால் பிள்ளைகள் தானாகவே எண்களைப் படிப்பார்கள். ஏட்டை வைத்திருக்கும் டிரெஸ்டன் நூலகமே முழுசாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. அதில் கறுப்பு எண் எத்தனை நாள் தள்ளி என்பதற்கு, சிவப்பு எண் எந்த நாள் என்பதற்கு. இரண்டையும் பிரித்து எண்ணச் சொல்லுங்க, 15 நிமிடம் சத்தமே வராது. கடைசியில் 74ஆம் பக்கம்: வானத்திலிருந்து ஒரு பெரிய முதலை மாதிரிப் பிராணி வாயால் தண்ணீரைக் கொட்டுகிறது. அதைக் கண்டிப்பாகக் காட்டுங்க. 3ஆம் பக்கம் வேண்டாம், அதில் பலிக் காட்சி.

எழுத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மாயா எழுத்தில் பல குறிகள் நம் உயிர்மெய் மாதிரி, க, ப, ல, ம என்று அசையாக ஒலிக்கும். ஜாகுவார் என்கிற அமெரிக்கப் புலி "பலம்". அதைப் புலித்தலையாக ஒரே குறியில் எழுதலாம், ப-ல-ம என்று மூன்று குறியிலும் எழுதலாம். கடைசி "ம" எப்படி "ம்" ஆகிறது? நமக்குப் புள்ளி இருக்கிறது. அவங்களுக்கு இல்லை, கடைசி உயிர் பெரும்பாலும் ஒலிக்காது, அவ்வளவுதான். தங்கள் பெயரை எழுதிப்பார்க்க ஆசைப்படுவார்கள். "ர" வந்தால் "ல" போடச் சொல்லுங்க, பழைய மாயா எழுத்தில் அந்த ஒலிக்குக் குறி இல்லை. படிக்கும் வரிசையும் வேறு: இரண்டு இரண்டு நிரலாக, இடம் வலம், பிறகு அடுத்த வரி. மேலிருந்து கீழாக ஒரே நிரலைப் படித்துவிட்டு "அர்த்தம் வரலையே" என்பார்கள்.

கரும்பலகை

நன்றி, திட்டம் உருவாகிவிட்டது. இன்னும் இரண்டு. நரபலி பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? "மாயர்கள் எங்கே மறைந்துபோனார்கள்" என்பதை 8 கேள்விகளில் ஒன்றாகச் சேர்க்கலாமா?

ஏட்டுச்சுவடி

பலியை மறைக்க வேண்டாம், பாடமாகவும் ஆக்க வேண்டாம். "சடங்குகளில் அரசர்கள் தங்கள் ரத்தத்தையே காணிக்கையாகக் கொடுத்தார்கள், போரில் பிடிபட்டவர்களைக் கொன்றதும் உண்டு" என்று இரண்டு பாதியாக ஒரே வாக்கியம் போதும். படம்தான் கவனம். போனம்பாக்கில் மூன்று அறை. முதல் அறையில் தாரை, மேளம், கிலுகிலுப்பை, ஆமை ஓடு தட்டுகிறவர்கள் என்று ஊர்வலம் போகும். இரண்டாம் அறையில் போரும் ரத்தம் சொட்டும் கைதிகளும். முதல் அறைப் படத்துக்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுங்கள். தேடவிட்டால் இரண்டாம் அறைதான் முதலில் வரும்.

"எங்கே மறைந்தார்கள்" வேண்டாம், கேள்வியே தப்பு. 9ஆம் நூற்றாண்டில் தென்பகுதி நகரங்கள் பல ஆளில்லாமல் போயின. நீண்ட வறட்சி, ஓயாத போர், அரசர்கள் மீது நம்பிக்கை தளர்ந்தது எல்லாம் சேர்ந்த கதை. வடக்கே நகரங்கள் தொடர்ந்தன, கடைசி மாயா அரசான நோஹ்பெத்தென் ஸ்பானியர் கையில் விழுந்தது 1697ல்தான். இன்றும் குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீஸ் எங்கும் பல லட்சம் மாயா மக்கள் கிச்சே, யுக்காத்தெக் போன்ற மொழிகளைப் பேசுகிறார்கள். 1992ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சு கிச்சே மாயா பெண். "திக்காலை விட்டு மக்கள் ஏன் போனார்கள்?" என்று மாற்றினால் கேள்வி சரியாகிவிடும்.

இன்றைய மாயா மக்கள் பற்றிய கேள்விக்கு ஸ்மித்ஸோனியன் அமெரிக்க இந்தியர் அருங்காட்சியகத்தின் மாயா காலம் பற்றிய தளம் பொருத்தம், அதில் மாயா மக்களே பேசுகிறார்கள். ஆங்கிலமும் ஸ்பானியமும்தான், வெண்சிப்பி சொன்ன சொல் தாள் அங்கே தேவைப்படும்.

வெண்சிப்பி

ஒரு சின்னச் சேர்க்கை. கூகுள் வரைபடத்தின் தெருப்பார்வையில் (ஸ்ட்ரீட் வியூ) சிச்சென் இட்ஸா பந்துக் களத்தைக் காட்டினால், நீளம் 168 மீட்டர், அகலம் 70 மீட்டர் என்பது பிள்ளைக்கு வெறும் எண்தான். முதலில் களத்தின் ஒரு முனையில் நிறுத்தி, எதிர்முனையில் நிற்கும் ஆள் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்று விரலால் அளக்கச் சொல்லுங்கள். பிறகு பக்கச் சுவரில் உயரத்தில் இருக்கும் கல்வளையத்தைக் காட்டி, ரப்பர் பந்தை இடுப்பால்தான் தட்டணும் என்று சொல்லுங்கள்.

இணைப்பைக் களத்தின் நடுவில் திறக்கும்படி சேமித்து வையுங்கள். வாசலில் திறந்தால் பொம்மைக் கடைப் பக்கம் போய்விடுவார்கள். எல்லாப் பக்கத்தையும் முந்தின நாளே பிடிஎஃப் ஆக இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துவிடுங்கள், 16 கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் டிரெஸ்டன் ஏட்டைத் திறந்தால் நெட் படுத்துவிடும்.