டெர்மினலில் ஓடும் விளையாட்டு மெனுவில் சொடுக்கினால் திறப்பதில்லை

தாமிரபரணிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மாடியில், அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் அக்கா மகன் விளையாட்டுகள் எழுத உதவும் பைகேம் தொகுப்பைக் கொண்டு பைத்தான் நிரல்மொழியில் ஒரு பல்லாங்குழி எழுதித் தந்திருக்கிறான். கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து, அதன் கோப்புறைக்குள் சென்று ஓட்டினால், 14 குழிகளும் அவற்றுக்குள் புளியங்கொட்டைகளும் ஒழுங்காகத் தோன்றுகின்றன. பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நிரலை எப்படித் திறப்பது என்று மெனுவுக்குச் சொல்லும் டெஸ்க்டாப் கோப்பு ஒன்றை எழுதி மெனுவில் சேர்த்தேன். அதைச் சொடுக்கினால் சுட்டி சில விநாடிகள் சுழன்றுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. கோப்புறைப் பெயரில் இடைவெளி இருப்பதால் அந்தக் கோப்பில் ஓட்டவேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக் வரியில் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள்தான் கொடுத்திருக்கிறேன். வேறு எங்கே பிழை இருக்கக்கூடும்?

பாளைவாசி:
அண்ணாச்சி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "கோப்புறைக்குள் சென்று" ஓட்டுகிறீர்கள். மெனு அப்படிச் செல்வதில்லை. அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கோப்புறையில் நின்றபடியே நிரலைத் தொடங்கும். புளியங்கொட்டைப் படத்தை நிரல் வெறும் கோப்புப் பெயரால் அழைத்தால், அது எந்த இடத்திலிருந்து தொடங்கப்பட்டதோ அந்த இடத்தில்தான் படத்தைத் தேடும். டெர்மினலில் வீட்டுக் கோப்புறையிலேயே இருந்துகொண்டு, எக்ஸெக் வரியில் உள்ளதை அப்படியே ஒட்டி ஓட்டிப் பாருங்கள். வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருக்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பின் கடைசி வரிகளையும் பாருங்கள். மெனுவிலிருந்து திறக்கும் நிரல்களின் புலம்பலெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

தாமிரபரணிக்கரை:
நீங்கள் சொன்னதுதான் சரி. வீட்டுக் கோப்புறையிலிருந்து ஓட்டியபோது, புளியங்கொட்டைப் படம் இல்லை என்று சொல்லி நிரல் நின்றுவிட்டது. நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்ல டெஸ்க்டாப் கோப்பில் பாத் என்ற வரி உண்டு என்று படித்து, எக்ஸெக் வரியில் இட்டதைப் போலவே கோப்புறைப் பாதையை மேற்கோளுக்குள் சேர்த்தேன். இன்னும் திறக்கவில்லை.

குற்றாலச்சாரல்:
பாத் வரியில் மேற்கோள் இடக்கூடாது. எக்ஸெக் என்பது சொற்களாகப் பிரித்துப் படிக்கப்படும் கட்டளை. அதனால் அங்கே இடைவெளியைக் காக்க மேற்கோள் தேவை. பாத் வரியோ சமக்குறிக்குப் பின் உள்ளதை எழுத்து மாறாமல் ஒரே பாதையாக எடுத்துக்கொள்வதால், நீங்கள் இட்ட மேற்கோளும் கோப்புறைப் பெயரின் பகுதியாகிவிடும். வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியையும் (~) இவ்விரண்டு வரிகளிலும் எழுதாதீர்கள். அதை முழுப் பாதையாக விரித்துக்கொள்வது, டெர்மினலில் நாம் இடும் கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லின் வேலை, இங்கே ஷெல் இல்லை. கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் சூழல் மாறிக்கும் பாத் என்றே பெயர்; அது வேறு, இது வேறு. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாளைவாசி:
இன்னொன்று, பாத் வரி ஒட்டுப்போட்ட வேலைதான். நிரல், தன் பைத்தான் கோப்பு இருக்கும் கோப்புறையைத் தானே கண்டறிந்து படங்களை அங்கிருந்து எடுக்கும்படி மருமகனையே இரண்டு வரி மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதன் பின் எங்கிருந்து தொடங்கினாலும் ஓடும். பிள்ளைகள் பென்டிரைவில் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் நிற்காது.

தாமிரபரணிக்கரை:
மேற்கோளை எடுத்ததும் திறந்துவிட்டது, மருமகனிடமும் சொல்லிவிட்டேன். மெனுவில் மட்டும் படம் வராமல் பொதுவான சின்னமே தெரிகிறது.

குற்றாலச்சாரல்:
சின்னப் படத்தைக் குறிக்கும் ஐகான் வரியில் வெறும் கோப்புப் பெயரைத்தான் கொடுத்திருப்பீர்கள். அங்கும் முழுப் பாதை வேண்டும், மேற்கோள் இல்லாமல்.