புதுப்பிப்பு: பெர்த் வீட்டுத் தொட்டியில் லாஷெனாலியா பூத்துவிட்டது

லாஷெனாலியா, ஸ்பராக்ஸிஸ், ஃப்ரீசியா போன்ற தென்னாப்பிரிக்கக் கிழங்குச் செடிகளின் இலை பழுத்துவிட்டதே, கோடையில் தண்ணீர் விடலாமா என்று போன நவம்பரில் கேட்டிருந்தேன். "சொட்டுக்கூட வேண்டாம்" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இவற்றின் தாயகமான தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதிக்கு மழை குளிர்காலத்தில்தான். கோடையில் கிழங்கு உறங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் பெர்த்திலும் அதே பருவம். தொட்டிகளைக் கூரைக்கடியில் காயவிட்டு, ஏப்ரலில் மணல் கலந்த புதுமண்ணில் நட்டேன்.

இப்போது ஜூன், இங்கே குளிர்காலம். லாஷெனாலியா விரிடிஃப்ளோரா பூத்திருக்கிறது, அசல் மயில்கழுத்து நிறத்தில்! வேறெந்தப் பூவிலும் இந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. ஸ்பராக்ஸிஸ் இலைதான் விட்டிருக்கிறது. வசந்தம் வரை பொறுக்க வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஃப்ரீசியாவைத் தொட்டியைவிட்டுத் தரையில் இறக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியக் காடுகளில் அது களையாகப் பரவி உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. வாடிய பூவை விதை கட்டும்முன் கிள்ளிவிடுங்கள்.