நீர்த்துளிப் படத்தில் பின்னணி நிறம் மட்டும் இழுபடுகிறது, உதவி வேண்டும்

துளிக்காரன்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். துளி விழுந்தபின் மேலே எழும் தூணைப் படமெடுக்கிறேன். வெள்ளைப் பின்னணியில் துல்லியமாக வந்தது. நீல ஜெல் (வெளிச்சத்துக்கு நிறம் தரும் கண்ணாடித்தாள்) போட்டதிலிருந்து ஓரமெல்லாம் நீலமாக இழுபடுகிறது. ஃபோகஸ் சரிதான். என்ன செய்யலாம்?

நிழலி:
எத்தனை ஃபிளாஷ்? எது எந்தப் பவரில்? ஜெல் ஃபிளாஷ் தலையிலா, பின்னணித் தாளிலா?

ஒளிமுகில்:
ஷட்டர்தான் காரணம். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் எரியும் முறை) போட்டு 1/4000 நொடிக்குப் போங்கள்.

மணிவெயில்:
வெறும் தண்ணீரா? குவார் கம் (தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி) கலந்து பாருங்கள், தூண் கொழகொழவென்று அழகாக நிற்கும்.

பழைய ஃபிலிம்காரன்:
ஒளிமுகில் சொன்னதை யாரும் செய்யாதீர்கள். ஹை ஸ்பீட் சிங்க்கில் ஃபிளாஷ் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். 1/4000 கிடைத்தாலும் துளிக்கு அது போதாது, வெளிச்சமும் படுத்துவிடும். இருட்டறையில் துளியை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் எரியும் நேரம். இந்த அடிப்படையைப் பத்து தடவையாவது இங்கே எழுதியிருப்பேன். படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

துளிக்காரன்:
ரெண்டு ஃபிளாஷ், கேமராவில் பொருத்தும் சின்ன வகை. முன்னால் 1/64 பவர். பின்னால் ஜெல் போட்டதும் இருட்டாகிவிட்டது, அதனால் ஃபுல் பவர். ஜெல் தலையிலேயே. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி.

நிழலி:
அந்த ஃபுல் பவர்தான் வினை. இந்த வகை ஃபிளாஷ் பவரைக் குறைத்தால் சீக்கிரம் அணைந்துவிடும். 1/32 பவரில் ஏறத்தாழ 1/20000 நொடிதான் எரியும். ஃபுல் பவரில் 1/1000 அளவுக்கு நீளும், அதற்குப் பிறகும் ஒரு வால் மங்கலாக எரியும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் வருகிறது. 1/1000 நொடிக்குள் 2.4 மி.மீ. நகர்ந்துவிடும், 1/20000-இல் 0.12 மி.மீ.தான். துளி ஒரு லென்ஸ், பின்னணியைத் தலைகீழாகத் தனக்குள் காட்டும். அதனால் முன் ஃபிளாஷின் வெள்ளைப் புள்ளி கூர்மையாகவும் உள்ளே தெரியும் நீலம் மட்டும் கலைந்தும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

பின் ஃபிளாஷை 1/32-க்கு இறக்குங்கள். 5 ஸ்டாப் போகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). பின்னணிக்கு உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 2 திரும்ப வரும். ஐஎஸ்ஓ 200 வைத்தால் 1, முன் ஃபிளாஷை மட்டும் 1/128 ஆக்கிக்கொள்ளுங்கள். மீதி 2-க்கு இன்னும் வெளிர்ந்த ஜெல். இன்னொன்று, ஃபுல் பவரில் தலையோடு ஒட்டிய ஜெல் சூட்டில் சுருங்கும்.

ஒளிமுகில்:
இவ்வளவு பாடு எதற்கு? வெள்ளையில் எடுத்துவிட்டுக் கணினியில் நீலமாக்கினால் போயிற்று.

மணிவெயில்:
அப்படிச் செய்தால் துளியின் மேல் விழும் வெள்ளை மினுக்கமும் சேர்ந்து நீலமாகிவிடும். துளிக்குள் நீலமும் விளிம்பில் வெள்ளையும் பிரிந்து நிற்பதுதான் இந்தப் படத்தின் உயிர்.

ஒளிமுகில்:
மாஸ்க் போட்டு, வெள்ளைப் பகுதியை மட்டும் மறைத்துப் பிரிக்கலாமே. நான் செய்திருக்கிறேன்.

பழைய ஃபிலிம்காரன்:
ஒரு துளிக்குச் சரி. சிதறலில் இருக்கும் நூறு சிறு துளிகளுக்கும் மாஸ்க் போடுவீர்களா? ஒளியை ஒளியால்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒளிமுகில்:
ஃபிலிம் காலத்துப் பிடிவாதம். முடிவு நன்றாக இருந்தால் போதாதா?

நிழலி:
அதைத் தனி இழையில் பேசுங்கள். துளிக்காரன், முன் ஃபிளாஷின் வெள்ளை வெளிச்சம் பின்னணியில் படுகிறதா? பட்டால் நீலம் வெளிறும். நடுவில் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள்.

துளிக்காரன்:
1/32-இல் நீலம் இழுபடுவது நின்றுவிட்டது! வெளிர் ஜெல் இல்லை, கடன் வாங்கின மூன்றாவது ஃபிளாஷைப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் அடர்த்தியாக வந்தாலும் அழகு. அட்டையும் வைத்தேன். எல்லோருக்கும் நன்றி.

மணிவெயில்:
மூன்றாவதிலும் நீலமா, வேறு நிறமா? ஒரு படம் போடுங்களேன்.