ஆத்தா கால்கரிக்கு வருகிறார்கள், வயிற்றில் ஸ்டோமா பை: குளிருக்கு எப்படி உடுத்துவது?

கேள்வி:

வணக்கம். எங்களுக்கு ஊர் தேவகோட்டை. கனடாவில் கால்கரி வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆத்தாவுக்குப் போன வருடம் பெருங்குடலில் ஆபரேஷன் செய்து, இடது பக்கம் ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பு, வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பை ஒட்டியிருக்கும். நவம்பர் கடைசியில் இங்கே வருகிறார்கள். சேலை தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை. "அந்தக் குளிரில் இந்தப் பையை வைத்துக்கொண்டு நான் என்னப்பா செய்வேன்" என்று தினமும் போனில் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, நான் காரைக்குடி. எனக்கு ஸ்டோமா வைத்து ஆறு வருடம், அதில் நாலு குளிர்காலம் கால்கரியில். முதலில் ஆத்தாவின் பயத்தைப் போக்குங்கள். குளிர் ஸ்டோமாவை ஒன்றும் செய்யாது, நாலு துணிக்கு உள்ளே அது உடம்புச் சூட்டிலேயே இருக்கும். தொந்தரவெல்லாம் குளிருக்காகப் போடும் துணியின் இடுப்புப் பட்டியால்தான்.

என் முதல் ஜனவரியில் தெர்மல் பேண்ட், அதன் மேல் ஜீன்ஸ், அதன் மேல் பெல்ட் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மூன்றும் சரியாக ஸ்டோமா மேலேயே அழுத்தின. பைக்குள் கீழே இறங்க வழியில்லாமல் மலம் மேலேயே தேங்கி, பிளேட்டின் (பையைத் தாங்க வயிற்றுத் தோலில் ஒட்டும் வில்லை) ஓரத்தைக் கிளப்பிவிட்டது. பஸ்ஸில் கோட்டுக்குள் ஈரம் தெரிந்தபோது, இறங்க இன்னும் ஆறு ஸ்டாப் இருந்தது. அன்றைக்கு வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். ஆத்தாவுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாவாடையை ஊரிலேயே முடித்துவிடுங்கள், இங்கே அதற்கு ஆள் கிடையாது. நாடா வைத்த உள்பாவாடை இறுகக் கட்டினால் பை மேலேயே வெட்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடி வைத்துப் பாவாடை தைப்பார்களே, அதே போல ஆத்தாவுக்கும் நாலைந்து தைக்கச் சொல்லுங்கள். பாரம் தோளில் இறங்கும், இடுப்பில் கட்டே வேண்டாம். சேலை செருக மட்டும் தொப்புளுக்கு மேலே நாலு விரல் அகலத்தில் மெத்தென்ற பட்டி போதும். இப்போது கடைகளில் உடம்பைப் பிடித்தாற்போல் விற்கிற சேலைப் பாவாடை வேண்டவே வேண்டாம். பை நிரம்ப இடமே இருக்காது.

இன்னொன்று, முன்கொசுவத்தின் கனமும் அந்த இடத்திலேயேதான் விழுகிறது. நம் அப்பத்தாக்கள் கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள் இல்லையா? அந்தக் கட்டு ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தால் வீட்டுக்குள் அப்படியே கட்டிக்கொள்ளட்டும். முன்பக்கம் தட்டையாக, பாரமில்லாமல் இருக்கும். நான் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் கட்டுகிறேன்.

ஆனால் வெளியே போக சேலை சரிப்படாது, ஆத்தாவிடம் இதை இப்போதே சொல்லிப் பழக்குங்கள். பனி உருகிய உப்புத் தண்ணீரில் சேலை ஓரம் நனைந்து, அந்த ஈரம் முழங்கால் வரை ஏறும். நீளமான தொளதொள சுடிதார் டாப், அடியில் இடுப்பில் உயரமாக ஏறும் தெர்மல் பேண்ட். கர்ப்பிணிகளுக்கு விற்கிற பேண்டில் வயிற்றுக்கு மெத்தென்ற அகலத் துணி இருக்கும். அதைத்தான் நான் நாலு வருடமாக வாங்குகிறேன். அது பையை அழுத்தாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்பனியன், அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், பிறகு தொடை வரை நீண்ட கோட். பனியன் பருத்தியில் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் சில்லிடும். கோட்டுக்குக் கீழிருந்தும் திறக்கிற ஜிப் இருந்தால் நல்லது, காரில் உட்காரும்போதும் கழிவறையிலும் அதன் அருமை தெரியும்.

கால்கரியில் சினூக் என்கிற வெதுவெதுப்பான மலைக்காற்று அடித்தால் காலையில் மைனஸ் இருபது, மத்தியானம் பனி உருகி ஓடும். ஒரே தடிமனான துணியை விட ஒவ்வொன்றாகக் கழற்றுகிற மாதிரி உடுத்துவதுதான் சரி. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது பிளாஸ்டிக் பை தோலில் ஒட்டி வியர்க்கும், அரிக்கும். அதற்குத் துணி உறை போடலாம். ஆத்தாவின் பழைய கண்டாங்கி துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், அதில் பத்து உறை தைத்து வாருங்கள்.

பிளேட்டின் பசை உடம்புச் சூட்டில் இளகித்தான் நன்றாக ஒட்டும். குளிரில் விறைத்துப் போகும். ஒட்டுவதற்கு முன் உறையோடு அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு, ஒட்டிய பிறகு உள்ளங்கையால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பைகளை இரவில் காரில் விட்டுவிடாதீர்கள். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு வயிற்றில் அந்தப் பக்கம் நல்லெண்ணெய் படக் கூடாது, குளிரில் தோல் வறண்டால் தடவும் கிரீமும் அப்படித்தான். எண்ணெய்ப் பசை இருந்தால் பிளேட் ஒட்டாது.

முக்கியமாக ஒன்று: வெந்நீர்ப் பையால் வயிற்றில் ஒத்தடம் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஸ்டோமாவுக்கு வலி தெரியாது. சுட்டாலும் ஆத்தாவால் உணர முடியாது. கால், முதுகு எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், அந்தப் பக்கம் மட்டும் கூடாது.

பூட்ஸ் கயிறு கட்டுவது வேண்டாம், குனிந்தால் வயிறு மடங்கும். ஜிப் வைத்தது வாங்கி, வாசலில் ஒரு ஸ்டூல் போடுங்கள். அப்புறம், வாசல் கூட்டிப் பழகிய கை, பனியைப் பார்த்ததும் சும்மா இருக்காது. பனி மண்வெட்டியை ஆத்தா கண்ணில் காட்டாதீர்கள். கனம் தூக்கினால் ஸ்டோமா பக்கத்தில் ஹெர்னியா (குடல் பிதுக்கம்) வரலாம்.

கேள்வி கேட்ட தம்பி:

ரொம்ப நன்றி ஆச்சி. வெளியே போனால் கழிவறையில் இவ்வளவு துணியோடு எப்படிச் சமாளிப்பார்கள்? பைகள் இங்கே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்:

கோட்டுப் பையில் துணிக் கிளிப் இரண்டு போட்டு வையுங்கள். பனியனையும் ஸ்வெட்டரையும் மேலே சுருட்டி, கிளிப் மாட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட்டுக் கிளம்பட்டும், கனத்தோடு வெளியே போக வேண்டாம்.

பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்கக் கொடுக்கிற சூப்பர் விசாவில் வந்தாலும் பைகளுக்கு மாகாண அரசின் உதவி கிடைக்காது, இங்கே கைக்காசுதான். எத்தனை வாரம் தங்குகிறார்களோ அதைப்போல ஒன்றரை மடங்கு எடுத்து வாருங்கள். பிளேட்டுகளை வீட்டிலேயே அளவுக்கு வெட்டி, விமானத்தில் கையில் எடுத்துப் போகும் பையில் வையுங்கள், லக்கேஜ் தொலைந்தால் ஆத்தா முதல் நாளே தவித்துப் போவார்கள். டாக்டர் கடிதமும் அதே பையில் இருக்கட்டும்.

பாவாடைக்கு அளவு கொடுக்கப் போகும்போது ஆத்தா பை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தும் அளவு கொடுக்கட்டும். நின்றால் ஒரு அளவு, உட்கார்ந்தால் வேறு. ஆத்தாவுக்கு டெய்லரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் போன் போட்டுக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.