சின்ன ரிவால்வர் வாங்கிட்டேன், சுடவே பயமா இருக்கு. கூடவே வச்சுக்க எது சரி? (ஹூஸ்டன்)

கேட்டி மீனா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கோம், வீட்டுக்காரரும் நானும் சேந்து ஒரு கேஸ் ஸ்டேஷன் கடை எடுத்து நடத்துறோம். வாரத்துல நாலு நாள் ராத்திரி நான்தான் கடைய மூடுவேன், பன்னெண்டு மணிக்கு லைட்ட அணைச்சுட்டு கதவப் பூட்டிட்டு கார் வரைக்கும் ஒரு நாப்பது அடி நடக்கணும். அந்த நாப்பது அடிதான் எனக்குப் பிரச்சினை. போன மாசம் எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற கடையில மூடுற நேரத்துல ஒருத்தர மடக்கி அடிச்சுப் போட்டுட்டாங்க, அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

கிரீன் கார்டு இருக்கு, அதனால கன் வாங்கிடலாம்னு ஒரு கடைக்குப் போனோம். கவுன்ட்டர்ல இருந்தவர் என் கையப் பாத்துட்டு லேடீஸுக்கு இதுதான் சரின்னு அஞ்சு குண்டு போடுற குட்டி .38 ரிவால்வர் எடுத்துக் குடுத்தாரு. வெயிட்டே இல்ல, ஹேண்ட்பேக்ல போட்டா தெரியாது, வாங்கிட்டோம். சுட்டுப் பழகுற ரேஞ்சுக்குப் போய் முதல் அஞ்சு சுட்டதுலயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தோல் செவந்து போச்சு, ட்ரிகர ரெண்டு விரல் வச்சு இழுக்கலாமான்னு தோணுது அவ்வளவு டைட், 7 யார்டுல இருக்குற டார்கெட்டுல பேப்பர்லயே ரெண்டுதான் பட்டுது. மறுபடி லோடு பண்ண கை வரல. இப்ப அது டப்பாக்குள்ளயே கிடக்கு.

எனக்கு உடம்புல பலம் இல்லையா இல்ல கன்னே தப்பான்னு தெரியல. கடைக்கு நான் குர்தி லெக்கிங்ஸ்தான் போடுவேன், பெல்ட்டெல்லாம் கிடையாது. வீட்ல 9 வயசுல ஒண்ணு, 4 வயசுல ஒண்ணு. அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சான் ஆன்டோனியோ செல்வம்:

மீனா தங்கச்சி, உங்க உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. நான் ஆறு வருஷமா எல்டிசி (கன் கூட வச்சுக்கறதுக்கான டெக்சஸ் லைசென்ஸ்) கிளாஸ் எடுக்குறேன், இதே கதையோட வர்ற பெண்கள் எத்தனையோ பேரு, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோவம்தான் வருது. சின்ன கை, அதனால சின்ன கன்னு கவுன்ட்டர்ல நினைக்கிறாங்க, ஆனா நெசம் தலைகீழ். குண்டு வெடிக்கிற வேகம் அதேதான், அந்த உதையத் தாங்குறதுக்கு கன்ல இரும்பு இருந்தா இரும்பு வாங்கிக்கும், இல்லன்னா உங்க கைதான் வாங்கணும். 15 அவுன்ஸ் ரிவால்வர் .38 போட்டா வருஷக்கணக்கா சுடுறவனுக்கே உதைக்கும். ட்ரிகரும் அப்படித்தான், அந்த மாதிரி ரிவால்வர்ல 12 பவுண்டு வரைக்கும் அழுத்தம் வேணும், க்ளாக் மாதிரி பிஸ்டல்ல அதுல பாதிதான். முன்னாடி மூக்கு, அதாவது குழல், வேற குட்டி, குறி பாக்குற ரெண்டு முனைக்கும் நடுவுல தூரமே இருக்காது, கொஞ்சம் ஆடினாலும் குண்டு எங்கயோ போயிடும்.

அடுத்து என்ன வாங்கலாம்னு யோசிக்காதீங்க, வாடகைக்கு எடுங்க. ஹூஸ்டன்ல பெரிய ரேஞ்ச் எல்லாத்துலயும் வாடகை கன் உண்டு. எல்லாமே 9எம்எம் குண்டு போடுற பிஸ்டலா எடுங்க. க்ளாக் 19 ஒரு தடவை சுடுங்க, 15 ரவுண்டு பிடிக்கும், உங்களுக்குப் பெருசாத் தெரியலாம் ஆனா உதை எவ்வளவு மெத்துன்னு புரியும். அப்புறம் க்ளாக் 43எக்ஸ், ஒல்லியா இருக்கும், பிடி மட்டும் முழு நீளம், சுண்டு விரல் வரைக்கும் உக்காரும். சிக் பி365 இன்னும் சின்னது, 2018ல வந்தப்ப அந்த சைஸுல 10 ரவுண்டான்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டோம், ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு அது கொஞ்சம் துள்ளும். ஸ்லைட (குண்டு உள்ள ஏற பின்னாடி இழுக்குற மேல் பகுதி) இழுக்கக் கஷ்டமா இருந்தா ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி இருக்கு, ஸ்பிரிங் லேசு, 8 ரவுண்டு. பழசா வாங்கினா மட்டும் சீரியல் நம்பர் செக் பண்ணுங்க, 2020 மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தயாரானதுல ஹேமர் பிரச்சினைன்னு கம்பெனியே ரீகால் பண்ணாங்க.

கையில எடுத்ததும் ஒண்ணு பாருங்க. ஒழுங்காப் பிடிச்சா கன்னும் முழங்கையும் ஒரே கோட்டுல இருக்கணும், அப்படிப் பிடிச்சபடியே ஆள்காட்டி விரல் முதல் ரேகைக்கு முன்னாடி இருக்குற சதை ட்ரிகர் மேல உக்காரணும். விரல் எட்டறதுக்காக கையத் திருப்ப வேண்டியிருந்தா அந்த கன் உங்களுக்கு இல்ல, அவ்வளவுதான். ஸ்லைட இழுக்கறதும் பலம் இல்லம்மா. கன்ன நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டு வந்து, மூக்கு டார்கெட் பக்கமே இருக்கட்டும், இடது கையால ஸ்லைட மேல இருந்து பொத்திப் பிடிச்சுட்டு வலது கையால கன்ன முன்னாடி தள்ளுங்க. நிறைய பேர் இழுக்க மட்டும் பாப்பாங்க, தள்ளணும். அறுபத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க என் கிளாஸ்ல அப்படித்தான் பண்ணாங்க.

டல்லாஸ் புவனா:

மீனா, ஹேண்ட்பேக்ல போட்டா தெரியாதுன்னு எழுதிருக்கீங்க, அத வாசிச்சதும்தான் நான் லாகின் பண்ணேன். தயவுசெஞ்சு வேண்டாம்மா. 2014 டிசம்பர் கடைசில ஐடஹோ மாநிலத்துல ஹேடன்ங்கிற ஊர்ல ஒரு அம்மா கடையில சாமான் வாங்கிட்டு இருக்காங்க, ரெண்டு வயசுப் பையன் தள்ளுவண்டில உக்காந்திருக்கான், பக்கத்துல அவங்க பர்ஸ். கன் வைக்கறதுக்குன்னே தனி ஜிப் வச்சு வந்த பர்ஸ் அது. குழந்த ஜிப்ப திறந்துடுச்சு. அந்த அம்மா அங்கயே போயிட்டாங்க. என் சின்னவளுக்கு அப்ப மூணு வயசு, அவ என் பேக்கத் திறக்காத நாளே கிடையாது, சூயிங்கம் தேடுவா. அன்னைக்கு எடுத்து வச்ச பர்ஸ் இன்னைக்கும் பரண்ல இருக்கு.

பேக்க முதல்ல பறிக்கத்தான் பாப்பான், அதோட கன்னும் போயிடும். உடம்புலதான் இருக்கணும், ஒண்ணு உடம்புல இல்லன்னா பூட்டுக்குள்ள, மூணாவது இடம்னு ஒண்ணு கிடையாது.

குர்தி உண்மையிலேயே ரொம்ப வசதியான டிரஸ். நீளமா இருக்கும், லூசா இருக்கும், ஒண்ணும் தெரியாது. உள்ள லெக்கிங்ஸ்க்கு மேல நல்ல கெட்டியான பெல்ட் ஒண்ணு போடுங்க, அதுக்கு லூப் தேவையில்ல, அதுலயே கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் (கன் உறை) மாட்டுற மாதிரி செட்டாவே விக்கிறாங்க. கைடெக்ஸ்னா கெட்டி பிளாஸ்டிக், ட்ரிகர் பக்கத்த முழுசா மூடிடும், அதுதான் முக்கியம். துணில செஞ்ச வயித்தச் சுத்திக் கட்டுற மலிவு பெல்லி பேண்ட் வாங்காதீங்க, துணி மேல இருந்தே ட்ரிகர அமுக்க முடியும். நான் வலது இடுப்பு எலும்புக்குக் கொஞ்சம் பின்னாடி வைப்பேன், வயித்துப் பக்கம் வச்சா உக்காந்து பில் போடும்போது குத்தும். குர்தில சைடு ஸ்லிட் இருந்தா இடது கையால துணியத் தூக்கி நெஞ்சோட சேத்துப் பிடிச்சுட்டு வலது கையால எடுக்கணும், அந்தத் துணியத் தூக்கறத மட்டும் வீட்ல காலி கன் வச்சு ஒரு நூறு தடவையாவது பண்ணிப் பாருங்க, இல்லன்னா அந்த நேரத்துல துணிதான் கையில வரும். துப்பட்டா கடையில வேண்டாம், சிக்கிக்கும். திருப்பி ஹோல்ஸ்டர்ல வைக்கறப்ப அவசரமே படாதீங்க, நிறைய பேருக்குக் காயம் ஆகறது அங்கதான், துணி நுனி உள்ள போயி ட்ரிகர்ல மாட்டிடும். குனிஞ்சு கண்ணால பாத்துட்டு மெதுவா வையுங்க.

ஆஸ்டின் தம்பி:

நடுவுல ஒரு சந்தேகம் அண்ணா, நான் எச்1பி. டெக்சஸ்ல பர்மிட்டே வேணாம்னு ஆயிடுச்சே, நானும் வாங்கலாமா?

சான் ஆன்டோனியோ செல்வம்:

தம்பி அவசரப்படாத. 2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆன, சட்டப்படி கன் வச்சிருக்கத் தகுதி உள்ளவங்களுக்குத்தான் டெக்சஸ்ல லைசென்ஸ் வேண்டாம். அந்தத் தகுதியச் சொல்றது ஃபெடரல் சட்டம், அதுல எச்1பி மாதிரி விசால வந்தவங்க கன்னோ தோட்டாவோ வச்சிருக்கவே கூடாது. ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, ஆனா அத நம்பி நண்பன் சொன்னான்னு இறங்காத, இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய், தப்பாச்சுன்னா விசாவே போயிடும். கடையில கன் வாங்கறப்ப நிரப்புற 4473 ஃபார்ம்ல பொய் சொன்னா அதுவே தனி கிரிமினல் கேஸ்.

மீனாவுக்கும் இதுல ஒண்ணு சொல்லணும். லைசென்ஸ் கட்டாயம் இல்லன்னாலும் எல்டிசி எடுத்துடுங்கம்மா. 40 டாலர் ஃபீஸ், 4லேந்து 6 மணி நேரம் கிளாஸ், அப்புறம் 50 குண்டு சுட்டுக் காட்டணும், 3 யார்டுல 20, 7ல 20, 15ல 10. 250க்கு 175 வாங்கினா பாஸ். வேற பல மாநிலத்துலயும் செல்லும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல கன் கூடாதுங்கிற ஃபெடரல் சட்டத்தால, அதத் தாண்டி கார் ஓட்டறப்ப வர்ற சிக்கலுக்கும் பாதுகாப்பு. போர்டு பாத்துப் பழகுங்க, 30.06னு எழுதியிருந்தா மறைச்சு வச்சிருந்தாலும் உள்ள போகக் கூடாது, சிவப்புல 51%னு போட்ட பார் பக்கமே கூடாது, போஸ்ட் ஆபீஸ்னா பார்க்கிங்லயும் கூடாது. போலீஸ் நிறுத்தினா ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல, டிரைவர் லைசென்ஸ் கேட்டா எல்டிசியும் சேத்துக் குடுங்க.

வீட்ல 9ம் 4ம் இருக்குன்னா சின்ன சேஃப் இல்லாம கன் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு லோடு பண்ண கன் எட்டுற மாதிரி வச்சிருந்தா டெக்சஸ்ல பெத்தவங்க மேல கேஸ். கேஸ விடுங்க, மத்தத நான் எழுத வேண்டாம்.

பேர்லண்ட் ராஜா:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பதினாலு வருஷம் கடை நடத்தினவன். ரெண்டு தடவ எனக்கு முன்னாடி கன் நீட்டியிருக்காங்க, ரெண்டு தடவையும் என் இடுப்புல கன் இருந்துச்சு, ரெண்டு தடவையும் நான் எடுக்கல. காசக் குடுத்தேன், போயிட்டான். ஏற்கனவே நீட்டினவன் முன்னாடி நீங்க குர்தியத் தூக்கி எடுக்கறதுக்குள்ள அவன் விரல் அசைஞ்சிடும். காசுக்காக எடுக்காதீங்க, காசு திரும்ப வரும்.

அந்த நாப்பது அடிக்கு முதல்ல வேற வேலை பாருங்க. காச ராத்திரி கையில எடுத்துட்டுப் போறத நிறுத்துங்க, கவுன்ட்டர் கீழ டிராப் சேஃப் (காச உள்ள போட மட்டும் துவாரம் இருக்குற பூட்டுப் பெட்டி) வையுங்க, பகல்ல வேற வேற நேரத்துல பேங்குக்குப் போங்க. கார கதவுக்கு நேரா லைட்டுக்குக் கீழ நிறுத்துங்க, மூடுறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு ஆள் வந்து கூட நிக்கட்டும்.

இன்னொண்ணு, இத யாரும் பேச மாட்டேங்குறாங்க. இந்த நாட்டுல துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. வீட்ல யாருக்காவது மனசு சரியில்லாத காலம் வந்தா கன்ன வீட்ட விட்டு வெளிய கொண்டு போய் நம்பிக்கையான இடத்துல குடுத்து வையுங்க, தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு எந்நேரமும் கூப்பிடலாம். என் சொந்தத்துலயே ஒருத்தர இழந்திருக்கோம், அதனாலதான் சொல்றேன்.

கேட்டி மீனா:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், பதில் போட்ட எல்லாருக்கும் மனசார நன்றி. ராஜா அண்ணா, நீங்க சொன்னத அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், டிராப் சேஃப் வச்சாச்சு, இப்ப என் கையில சாவி மட்டும்தான். மூடுற நேரத்துக்கு அவர் வந்து நிக்கிறாரு.

கன்னும் மாத்திட்டேன். நாலும் வாடகைக்கு எடுத்து சுட்டேன், 43எக்ஸ் கையில உக்காந்த உடனே தெரிஞ்சுது. புவனா அக்கா சொன்ன பெல்ட், கைடெக்ஸ் எல்லாம் வாங்கினேன். இன்னும் கடைக்குக் கொண்டு போகல, எல்டிசி முடிச்சுட்டுதான். தினமும் ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் பத்து நிமிஷம் காலி கன்னோட பழகுறேன். மேகசின் (தோட்டா அடுக்குற பெட்டி) கழட்டி, சேம்பர (குழல்ல தோட்டா உக்கார்ற இடம்) கண்ணாலயும் சுண்டு விரலாலயும் பாத்து, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுக் கதவ சாத்திட்டுதான். முன்னாடி முனை மேல ஒரு பழைய காசு வச்சு, அது விழாம ட்ரிகர் இழுக்கணும்னு வீடியோல பாத்தேன், முதல் வாரம் பூரா காசு தரையில உருண்டுட்டே இருந்துச்சு, இப்ப பத்துக்கு எட்டு நிக்குது. ரேஞ்ச்ல இருந்து வந்ததும் பச்சத் தண்ணில சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, டிரஸ் மாத்திட்டுதான் சின்னவனத் தூக்குறேன், ஈயத்தூள் ஒட்டும்னு அங்க சொன்னாங்க.

போன ஞாயிறு டெஸ்ட் மாதிரியே 50 சுட்டேன், 198 வந்துச்சு. 3லயும் 7லயும் நல்லா இருக்கு. 15 யார்டு போனா மட்டும் எல்லாமே கீழ இடது பக்கமா போகுது. கன்னுல முனை கோணலா இருக்குமா அண்ணா?

சான் ஆன்டோனியோ செல்வம்:

198ஆ! ரொம்ப சந்தோஷம்மா. முனைல ஒண்ணும் இல்ல, முனை கோணலா இருந்தா 7லயும் கோணும். வலது கைக்காரங்களுக்குக் கீழ இடதுன்னா, சத்தம் வரப் போகுதுன்னு கை முன்கூட்டியே அமுக்குது. டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) ஒரு பாக்கெட் வாங்கி, அடுத்த தடவ வீட்டுக்காரர விட்டு உங்களுக்குத் தெரியாம நிஜக் குண்டோட கலந்து மேகசின் போடச் சொல்லுங்க. டம்மி வர்றப்ப க்ளிக்னு மட்டும் கேக்கும், அப்ப மூக்கு கீழ குத்துறத நீங்களே பாப்பீங்க. உடனே அடுத்தத சுடாம, ஸ்லைட இழுத்து அத வெளிய தள்ளிட்டு, ஒரு மூச்சு விட்டுட்டு மறுபடி. 5 யார்டுலயே பண்ணுங்க, மூக்கு அசையாம நாலஞ்சு க்ளிக் தொடர்ந்து வந்தப்புறம் 15க்குப் போங்க. இன்டோர் ரேஞ்சுன்னா காதுக்குள்ள ஃபோம் அடைப்பானும் போட்டு மேல காத மூடுற மஃப்பும் போடுங்க, சத்தம் குறைஞ்சாலே அந்தப் பயம் பாதி குறையும்.