பீரியட்ஸ் லீவு: கேட்டவர்கள், எடுத்தவர்கள், கிடைக்காதவர்கள் எழுதலாம்

ஓசூர்வாசி:
ஆபீஸ் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில். கர்நாடகத்தில் மாதம் ஒரு நாள், வருடத்துக்கு 12 நாள், தனியாரிலும் சம்பளத்தோடு லீவு என்று 2025 அக்டோபரில் அமைச்சரவை முடிவெடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்கள் எச்.ஆர். போர்ட்டலில் அதற்கென்று தனி வகையே சேர்த்துவிட்டார்கள். நானும் போட்டேன். மறுநாள் காலை மீட்டிங்கில் மேனேஜர் டீம் காலண்டரைப் பெரிய ஸ்க்ரீனில் திறக்கிறார். என் பெயருக்கு நேரே ரோஸ் கலரில் ஒரு கட்டம், அதற்குள் லீவின் பெயர் முழுசாக. அவர் பதறிப்போய்க் கீழே தள்ளப் பார்க்க, ஸ்க்ரீன் சரியாக அந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிட்டது. எதிரே இருந்த பையன்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துப் பார்க்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன். இப்போது வலி வந்தால் பழையபடி சிக் லீவுதான். சென்னைக் கிளையில் இருக்கும் தோழிக்கு இந்த வகையே கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே வேலை.

ஓவர்லாக் அக்கா:
உங்களுக்குக் காலண்டராவது இருக்கிறது தங்கச்சி. நான் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் இருந்தவள். வயிற்று வலி என்று சொன்னால் சூப்பர்வைசரம்மா ஒரு டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டுவார். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, வெள்ளையாக ஒரு உருண்டை. “என்ன மாத்திரைக்கா இது?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். “முழுங்கிட்டு உக்காரு, உனக்குப் பின்னாடி பீஸ் தேங்குது பாரு” என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, டார்கெட் குறைந்தால் அவருக்கும் திட்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலாளிகள் சுமார் நூறு பேரிடம் பேசிச் செய்தி போட்டபோதுதான், இந்தப் பெயரில்லாத மாத்திரை எங்கள் லைனோடு முடிகிற விஷயமில்லை என்று புரிந்தது. லீவு போடலாம்தான், அன்றைய கூலி போகும்.

சின்ன முதலாளி:
அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். தொழில் ஆரம்பிக்கும் முன் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கும் குழுவில் இருந்தேன். கடைசிச் சுற்றில் ஒரு பையன், ஒரு பெண். பெண்தான் கெட்டி. பெரியவர் பென்சிலால் அவள் பெயரைத் தட்டிக்கொண்டே, “கல்யாணம், பிரசவம், இப்ப மாசாமாசம் இது வேற கேப்பாங்க” என்று சொல்லி அடித்துவிட்டார். அந்தப் பெண் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த சந்திரசூட்டின் அமர்வு சொன்னதும் இதே பயம்தானே: கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள். மாதிரிக் கொள்கை ஒன்றை மத்திய அரசே பார்க்கட்டும் என்றும் சொன்னார்கள். லீவுச் சம்பளத்தை அரசு ஏற்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஸ்பெயினில் 2023இல் கொண்டுவந்த சட்டத்தில் அப்படித்தான்.

பாட்னா ரிட்டர்ன்:
சின்ன முதலாளி சார், பென்சில் அவர் கையில் இருந்தது, பழியை மட்டும் லீவு மேல் போடுகிறீர்கள். சட்டமே வராதபோது அடித்தவர், வந்தால் மட்டும் திருந்தப்போகிறாரா? பீகாரில் மாநில அரசு ஊழியப் பெண்களுக்கு 1992லிருந்தே மாதம் இரண்டு நாள் உண்டு. நான் வங்கி மாற்றலில் பாட்னா போனபோது மாடி வீட்டு தீதி தலைமைச் செயலகத்தில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஓட்டமும் நடையுமாகக் கிளம்புகிறேன், அவர் வாசலில் நிதானமாகப் பட்டாணி உரிக்கிறார். லீவா என்றேன். “ஆமாம், அந்த ரெண்டு நாள்” என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில். பக்கத்தில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையே நிமிரவில்லை. நான் வங்கிக்காரி, எனக்கு அது செல்லாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். அது அரசு வேலை, எடுத்தால் யாரும் வெளியே அனுப்ப முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
பிள்ளைகளா, ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டியில் ஒரு நர்ஸ், டிரிப் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நோயாளியின் கட்டில் கம்பியைப் பிடித்தபடி சரிந்தாள். வலி சகஜம் என்று எல்லோரும் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். பார்த்தால் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். ஆகவே மாதாமாதம் எழுந்திருக்க முடியாத வலி என்றால் லீவைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள், ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் விழுங்காதீர்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரை மெஃபனாமிக் அமிலத்தையே வெறும் வயிற்றில் போடக்கூடாது. தோலில் தடிப்பு, காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்; அதனால் அப்படி ஒவ்வாமை வரலாம் என்று 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. பீரியட்ஸில் ரத்தம் அதிகமாகப் போனால் ஹீமோகுளோபின் பாருங்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு காபி குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொஞ்சம் படுங்கள்.

நாலாவது மாடி:
சிஸ்டரம்மா, ஒத்தடம் வைத்துக்கொண்டு எங்கே படுக்க? நான் தி. நகரில் துணிக்கடை, பட்டுச் செக்‌ஷன். நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தினார்கள் இல்லையா, எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. அதன்மேல் இப்போது பிரிக்காத சேலைக்கட்டுகள் இருக்கின்றன. போன ஆடித் தள்ளுபடியில் எனக்கு இரண்டாம் நாள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த குடும்பம், மாப்பிள்ளையின் அம்மா “மேல் தட்டுல இருக்கிற அரக்கு கலர்” என்கிறார். ஏணியில் கால் வைத்ததும் புரிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். டாய்லெட் இரண்டு மாடி கீழே, ஃப்ளோர் மேனேஜரிடம் சொல்லாமல் போகக்கூடாது. “கஸ்டமர் போகட்டும்மா” என்றார். அந்தம்மா அரக்கில் ஆரம்பித்து மாம்பழ மஞ்சள் வரைக்கும் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று எழுந்து போனார்.

லீவு கொடுத்தால் எடுப்பேன். அதுவரைக்கும், மேனேஜரைக் கேட்காமல் கீழே போக விட்டால் போதும். முதலாளி சார், இதற்குச் சம்பளச் செலவே இல்லை. உங்கள் கடையில் எப்படி?

சின்ன முதலாளி:
என்னுடையது கடை இல்லை, பிரின்டிங் யூனிட். எட்டுப் பேர். டாய்லெட் ஒன்றுதான், பொது.

நாலாவது மாடி:
உள்ளே மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா?

சின்ன முதலாளி:
இல்லை. நாளைக்கு வாங்குகிறேன்.